வாரத்துக்கு ஒரு ஊசி, தெருவுக்குப் பத்து டாக்டர்

மெடிக்கல் ஷாப் கவுன்ட்டரில் மருந்தைப் பற்றிப் படித்தவர் ஒருவர்தான் இருப்பார். மருந்தைப் பற்றிப் பேச வாய்ப்புக் கிடைக்காதவரும் அந்த ஒருவர்தான். காலை ஒன்பதிலிருந்து நின்றபடியே மற்றவர்களின் வைத்தியத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும் சக பார்மசிஸ்ட்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பொய் கலக்கக் கூடாது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இதில் முக்கியமான சம்பவத்தை நான் பார்க்கவில்லை. எங்கள் கடையில் டெலிவரிக்குப் போய்வரும் பாபு அண்ணன் வந்து சொன்னார். அவருக்கு கேம்ப் ரோடு ஆட்டோ ஸ்டாண்டில் சொன்னார்கள். ஆட்டோ ஸ்டாண்டுக்கு யார் சொன்னார்கள் என்று தெரியாது. “ஒடம்பு குறையிற ஊசி போட்டுகினு ஒரு டீச்சர் கிளாஸ்லயே வியுந்துட்டாங்களாம்மா. ஆஸ்பத்திரில கீறாங்களாம்” என்றார். அவ்வளவுதான் செய்தி. எங்கள் கடையில் அந்த ஊசி வாங்கும் டீச்சர் ஒரே ஒருவர். அவருக்கு எடுத்துக் கொடுத்தது நான்.

நான் பி.பார்ம். எங்கள் வீட்டில் கல்லூரிக்குள் கால் வைத்த முதல் ஆள். என் பதிவுச் சான்றிதழ் சட்டம் போட்டு, கடையில் ஃபிரிட்ஜுக்கு மேலே மாட்டியிருக்கிறது. மருந்து தப்பாகப் போனால் முதலில் சுவரைவிட்டு இறங்குவது அதுதான். அதற்குக் கீழே, அதே ஃபிரிட்ஜில்தான் அந்த ஊசியும் இருக்கிறது. பார்க்கப் பேனா மாதிரி இருக்கும், ஒவ்வொரு முறையும் ஊசி முனையை மட்டும் மாற்ற வேண்டும். வாரத்துக்கு ஒரு முறை, வயிற்றில் போட்டுக்கொள்ள வேண்டும். சர்க்கரைக்கு வந்தது, பசியையும் எடையையும் குறைக்கிறது என்று தெரிந்ததும் ஊரே அதைத் தேடி வந்தது. டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது. அதனால் அந்த டீச்சர் விழுவதற்கு முந்தைய மூன்று மாதமும் எனக்கு எப்படிப் போனது என்று சொன்னால்தான் மீதி புரியும்.

கோட் தைத்தாகிவிட்டது

ஐ.டி. கம்பெனிப் பையன் ஒருவன். முதுகில் பை, கழுத்தில் அடையாள அட்டை. நேராக வந்து ஊசியின் பெயரைச் சொல்லி, “ரெண்டு பேனா” என்றான், கடலைமிட்டாய் கேட்கிற மாதிரி. சீட்டு எங்கே என்றேன். போனை நீட்டினான். அதில் அவனுடைய ஜிம் மாஸ்டர் பேசிய குரல் பதிவு. முதல் மாதம் எவ்வளவு, இரண்டாம் மாதம் எவ்வளவு என்று அந்த மாஸ்டர் அளவு சொல்லிக்கொண்டிருந்தார். பின்னணியில் இரும்புத் தட்டுகள் விழும் சத்தம். நான் நான்கு வருடம் படித்த பாடத்தை அவர் நாற்பது நொடியில் முடித்துவிட்டார்.

“ரெண்டு மாசத்துல கல்யாணம் மேடம். ரிசப்ஷன் கோட்டை ஒரு சைஸ் கம்மியாத் தைக்கச் சொல்லிட்டேன்” என்றான். கோட்டைப் பிரித்துத் தைக்கலாம், கணையத்தைப் பிரித்துத் தைக்க முடியாது, முதலில் ஒரு டாக்டரைப் பாருங்கள் என்றேன். அவனுக்கு நிஜமாகவே வருத்தம் வந்துவிட்டது. சுற்றிலும் பார்த்துக் குரலைத் தாழ்த்திக் கேட்டான்: “டாக்டரைப் பாக்காம டாக்டர் சீட்டு மட்டும் எங்க கிடைக்கும், அதையாவது சொல்லுங்க மேடம்!”

ஒரு பேனா, மூன்று பேர்

ராஜகீழ்ப்பாக்கம் பக்கத்திலிருந்து மூன்று அம்மாக்கள் சேர்ந்து வருவார்கள். காலையில் சேர்ந்து நடந்து, சேர்ந்து பொங்கல் சாப்பிட்டு, சேர்ந்து எடை பார்க்கிறவர்கள். ஒருவர் பெயரில் மட்டும் ஒழுங்கான சீட்டு இருந்தது. அதைப் பார்த்துத்தான் கொடுத்தேன். இரண்டாவது மாதம் அதே சீட்டுக்கு ஒரு பேனாவும், தனியாக ஒரு டப்பா ஊசி முனையும் கேட்டார்கள். ஒருவருக்கு வாரத்துக்கு ஒரு முனை போதுமே என்று சந்தேகப்பட்டுக் கேட்டேன். பெருமையாகச் சொன்னார்கள்: பேனா ஒன்று, முனை மட்டும் ஆளுக்கு ஒன்று. திங்கள் ஒருவர், செவ்வாய் ஒருவர், புதன் ஒருவர்.

உடனே ஒரு தாளை எடுத்தேன். முனையை மாற்றினாலும் ஒருவருடைய ரத்தம் துளியளவு பேனாவுக்குள் போகலாம், அது அடுத்தவருக்குப் போகும், நோயும் கூடப் போகும் என்று படம் வரைந்து விளக்கினேன். படம் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். இனி அந்தச் சீட்டுக்கு மருந்து கிடையாது, மூன்று பேரும் தனித்தனியாக டாக்டரைப் பார்த்து ரத்தப் பரிசோதனையும் செய்துகொண்டு வாருங்கள் என்றேன். நடுவில் இருந்தவருக்குக் கோபம் வந்துவிட்டது: “நாங்க என்ன வெளி ஆளுங்களா பாப்பா, ஒரே அபார்ட்மென்ட்தானே!”

மனக்கட்டுப்பாடு

ஊசி கேட்டு வருகிறவர்கள் ஒரு வகைத் தொல்லை என்றால், ஊசியைத் திட்ட வருகிறவர்கள் அதைவிடப் பெரிய வகை. பேங்கில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு சார் மாலை நாலு மணிக்கு வருவார். பிரஷருக்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று, காலையில் வயிற்றெரிச்சலுக்கு ஒன்று, தூக்கத்துக்கு ஒன்று என்று ஒரு பை நிறைய வாங்கிக்கொண்டு, “எதுக்கெடுத்தாலும் மருந்தும்மா இந்தக் காலத்துல. உடம்பு குறைய ஊசியாம்! வாயைக் கட்டத் தெரியாத சோம்பேறிங்க. மனக்கட்டுப்பாடு வேணும்” என்பார். ஒருநாள், பிரியாணி செரிக்க ஒரு சிரப்பும் கேட்டார்.

இங்கே என்னைப் பற்றியும் எழுதியாக வேண்டும். ஐ.டி. பையனும் மூன்று அம்மாக்களும் சேர்ந்து என்னை அந்த அளவுக்கு நொந்துபோக வைத்திருந்தார்கள். “ஆமா சார், அவங்க எல்லாரும் வாயைக் கட்டினா எங்க ஃபிரிட்ஜ்ல எடமாவது மிச்சமாகும்” என்றேன். கடையே சிரித்தது. சிரிப்பு அடங்கிய பிறகுதான் பின்னால் நின்றிருந்தவரைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்துக் காட்டன் புடவை, கையில் ஒரு கட்டு விடைத்தாள், அதற்கு மேல் டாக்டர் சீட்டு. அந்தச் சீட்டை இரண்டாக மடித்தார். பிறகு நான்காக மடித்தார்.

அவர்தான் எஸ்தர் மிஸ். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எல்லோரும் போகும்வரை பேஸ்ட் அடுக்கியிருந்த அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சீட்டை நீட்டினார். அத்தனை மாதத்தில் எனக்கு வந்த ஊசிச் சீட்டுகளில் அதுபோல் ஒழுங்கான ஒன்றை நான் பார்க்கவில்லை. நெடுநாள் சர்க்கரை, கூடிக்கொண்டே போகும் எடை, அதனால் முழங்கால் வலி. டாக்டர் ஊசியை எழுதி, பழைய சர்க்கரை மாத்திரையின் பெயரைக் குறுக்கே அடித்து, பக்கத்தில் நிறுத்தவும் என்று எழுதியிருந்தார். இரண்டும் சேர்ந்தால் சர்க்கரை தாறுமாறாக இறங்கிவிடும். அதை நான் வாய்விட்டுப் படித்தும் காட்டினேன். “புரியுதும்மா” என்றார். நான் சொன்ன கிண்டலுக்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் அதற்குள் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்: “நியூஸ் பேப்பர்ல சுத்திக் குடும்மா. வீட்ல தெரியாது. நான் எப்பவும் நாலு மணிக்கே வந்துடுறேன், ஆறு மணிக்கு மேல தெரிஞ்சவங்க வருவாங்க.”

என் அம்மாவின் தீர்ப்பு

என் அம்மா கோவளத்திலிருந்து மீன் எடுத்து வந்து சேலையூர் தெருக்களில் விற்பவர். கூடை காலியானதும் கடை வாசலில் வந்து நிற்பார். உள்ளே வர மாட்டார், மீன் வாசனை என்று நான் சொல்லிவிடுவேனோ என்று. நான் ஒருநாளும் சொன்னதில்லை. அங்கிருந்தே சுவரில் இருக்கும் சட்டத்தைப் பார்ப்பார். அதில் இருக்கும் எழுத்தில் என் பெயர் மட்டும் அவருக்குப் படிக்கத் தெரியும்.

எஸ்தர் மிஸ் வந்துபோன அன்றைக்கு என் முகம் சரியில்லை என்று கண்டுபிடித்துவிட்டார். “இன்னாடி, எவன் இன்னா சொன்னான்?” என்றார். ஊசி விஷயத்தைச் சொன்னேன். அதைப் போட்டால் பசி எடுக்காது, சாப்பாட்டைப் பார்த்தாலே போதும் போதும் என்று இருக்கும், அதற்காகத்தான் அடித்துக்கொள்கிறார்கள் என்றேன். கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். பிறகு, கவுன்ட்டரில் நின்ற ஆறு பேருக்கும் கேட்கும்படி சொன்னார்: “பசி எடுக்காம இருக்க ஊசியா? புயல்ல படகு போவாம நாம பசியோட கெடந்தோமே, அப்ப எவனாச்சும் ஒரு ஊசி எட்த்துகினு வந்தானாடி?”

அட்டைக்காரர்கள்

மருந்துக் கடைக்காரர்களுக்கு மட்டுமே தெரிந்த ஓர் இனம் இருக்கிறது. சீட்டு வைத்துக்கொள்ள மாட்டார்கள். தீர்ந்துபோன மாத்திரை அட்டையைக் கொண்டுவருவார்கள். அதிலும் முழு அட்டை அல்ல. பெயரில் பாதி கிழிந்துபோன வெள்ளித் துண்டு. “இதே குடுங்க” என்பார்கள். நாமும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மீதிப் பெயரை நாமே நிரப்பி, எடுத்துக் கொடுப்போம். ஊசி கேட்டவர்களிடம் அத்தனை சட்டம் பேசிய நான் இவர்களிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. யாருமே பேசுவதில்லை. ஊசி புதிது, அதனால் பயம். மாத்திரை பழசு, அதனால் அது மருந்து என்பதே மறந்துபோகிறது.

இவர்களில் முதல் மாணவர் என்றால் குடை சார்தான். வெயில் மழை பாராமல் குடையோடு வருவார், எப்போதும் ஆறரை மணிக்கு. சர்க்கரை மாத்திரை அட்டை ஒன்றைக் கவுன்ட்டரில் வைத்து, விரலால் தட்டுவார். யாருக்கு என்று நான் கேட்டதில்லை, அவருக்கென்றே நினைத்திருந்தேன். ஒரு மாலை நல்ல கூட்டம். ஓனர் சார் தன் நாற்காலியிலிருந்து புருவத்தைத் தூக்கி, சீக்கிரம் என்றார். நான் முப்பது மாத்திரை எடுத்து, காகிதக் கவரில் போட்டு, மேலே காலை 1, இரவு 1 என்று எழுதினேன். கடமைக்காக, “சீட்டு இருக்கா சார்?” என்றும் கேட்டுவைத்தேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்: “பதினோரு வருஷமா இதே அட்டைம்மா. டாக்டருங்க மாறிட்டாங்க, அட்டை மாறல.”

சுவரில் யார் பெயர்?

இதற்கு இரண்டு வாரம் கழித்துத்தான் பாபு அண்ணன் அந்தச் செய்தியைக் கொண்டுவந்தார். மதியத்துக்குள் அது வளர்ந்துவிட்டது. நடைப்பயிற்சி அம்மாக்கள் வந்து, டீச்சருக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது என்றார்கள். மூன்று பேர் ஒரே பேனாவில் குத்திக்கொண்டவர்கள், ஊசி ஆபத்தானது என்று எனக்கு எச்சரிக்கை செய்தார்கள். ஐ.டி. பையன் வந்தான், முகம் ஒட்டிப்போய். வேறெங்கோ வாங்கிவிட்டான் போலிருக்கிறது. டீச்சர் போட்டது போலிச் சரக்கு மேடம், எங்க மாஸ்டர் தர்றது ஒரிஜினல் என்றான். பேங்க் சார் நாலு மணிக்கு வந்து, “நான் அப்பவே சொன்னேன்ல?” என்றார். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் அவருடைய பேரன் பிறந்த அன்றுகூடப் பார்க்கவில்லை. விழுந்தவர் எப்படி இருக்கிறார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

நான் மருந்து நிறுவனத்தின் தாளை எடுத்து மறுபடி படித்தேன். ஃபிரிட்ஜ் வெப்பநிலை எழுதும் நோட்டைப் புரட்டினேன். ஒரு நாள்கூட அளவு தவறவில்லை. டப்பாவின் காலாவதி நாளும் சரியாக இருந்தது. இருந்தும் சோறு இறங்கவில்லை. எனக்கு ஊசி போடாமலே பசி போய்விட்டது. எஸ்தர் மிஸ்ஸுக்கு ஏதாவது ஆகிவிட்டதா, நான் கொடுத்ததாலா, இந்த இரண்டு கேள்வியும் மாறிமாறி வந்தன. கடைசியில் ஓனர் சாரிடமே போய், அது நம் கடையில் வாங்கிய ஊசிதான் என்று சொன்னேன். அவர் என் தைரியத்தைப் பாராட்டுவார் என்று நினைத்தேன். செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு ஆறுதலாகச் சொன்னார்: “பயப்படாதம்மா. கடை என் பேர்லதான் இருக்கு. சுவத்துலதான் உன் பேரு.”

ஞாயிற்றுக்கிழமை டப்பா

மிஸ் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார் என்று தெரிந்ததும் பாபு அண்ணனிடம் விலாசம் கேட்டு, சனிக்கிழமை மதியம் போனேன். சர்ச்சுக்குப் பின்னால் மூன்றாவது தெரு. மணியடித்தேன். கதவைத் திறந்தவர் குடை சார்.

அவருக்கு ஒரே மகிழ்ச்சி. “மெடிக்கல்ல இருக்குற பொண்ணு! வாம்மா, வாம்மா” என்று உட்காரவைத்தார். மிஸ் சோபாவில் சாய்ந்திருந்தார். மெலிந்திருந்தார், ஆனால் நன்றாகத்தான் இருந்தார். டீபாயின் மேல் ஏழு அறை வைத்த மாத்திரை டப்பா. அதன் பக்கத்தில் ஒரு காகிதக் கவர். காலை 1, இரவு 1. என் கையெழுத்து. “ஒவ்வொரு ஞாயிறும் சர்ச் முடிஞ்சு வந்ததும் நான்தான் இவளுக்கு மாத்திரை ரொப்பி வைப்பேன். வேளை தவறாம பக்கத்துல நின்னு போட வைப்பேன்” என்றார் சார். “இவ என்னடான்னா வெண்ணெய் டப்பாக்குள்ள ஊசியை ஒளிச்சு வச்சிருக்கா. அதாலதான்மா எல்லாம். மாத்திரைய மட்டும் நான் ஒரு நாள்கூடத் தப்ப விட்டதில்ல.”

மிஸ் என்னையே பார்த்தார். சொல்லாதே என்றும் இருந்தது அந்தப் பார்வை, சொல்லிவிடு என்றும் இருந்தது. நான் அந்தக் கவரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். “சார், இந்த மாத்திரைய நிறுத்தச் சொல்லி டாக்டர் எழுதியிருந்தார். மிஸ்ஸுக்குத் தெரியும். சீட்டைப் படிச்ச எனக்கும் தெரியும். நீங்க யாருக்கு வாங்குறீங்கன்னு நான் கேக்கல, குடுத்துட்டேன். ஊசியும் இதுவும் சேர்ந்துதான் சர்க்கரை எறங்கியிருக்கு” என்றேன். சார் டப்பாவைத் திறந்து, ஒவ்வொரு அறையாகப் பார்த்தார். மூடினார். “மாத்திரை வேணாம்னு சொன்னா ஏன்னு கேப்பீங்க, ஊசி விஷயம் வெளிய வரும். அதான் முழுங்கிட்டேன்” என்றார் மிஸ். “சொல்லியிருந்தா நான் என்ன உன்னைத் திட்டவா போறேன்?” என்றார் சார், உடைந்த குரலில். மிஸ் சிரிக்காமல் சொன்னார்: “திட்ட மாட்டீங்க. புதன்கிழமை ஜெபக்கூட்டத்துல எழுந்து நின்னு, ‘என் மனைவிக்கு வாயைக் கட்ட பெலன் வேணும்’னு எல்லாரையும் ஜெபம் பண்ணச் சொல்வீங்க.”

சான்றிதழ் இன்னும் சுவரில்தான் இருக்கிறது. இப்போது நான் அட்டைக்காரர்களிடமும் சீட்டுக் கேட்கிறேன். அவர்கள் என்னைத் திட்டிவிட்டு அடுத்த கடைக்குப் போகிறார்கள். பேங்க் சார் இன்னும் டீச்சர் கதையைச் சொல்லி ஊசியைச் சபிக்கிறார். மிஸ் மட்டும் மறுபடி வந்தார், இந்த முறை ஆறரை மணிக்கு, குடை சாரோடு, செய்தித்தாள் கேட்காமல். ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளை அவரிடம் வாங்கி, நின்ற இடத்திலேயே இரண்டு முறை படித்துச் சரிபார்த்தேன். மயக்கத்துக்குக் காரணம் என்ற இடத்தில், ஊசியோடு சேர்ந்து உள்ளே போன அந்தப் பழைய மாத்திரையின் பெயர் இருந்தது. ஊசியைப் பற்றித் தனியாக ஒரே வரிதான்: “தொடரவும்.”

ஆக, சீட்டு இல்லாமல் ஊசி கேட்ட அத்தனை பேரையும் சட்டம் பேசித் திருப்பி அனுப்பிய நான், சட்டம் பேசாமல் ஒரு கிழிந்த அட்டைக்கு எடுத்துக் கொடுத்த மாத்திரைதான் ஆளைச் சாய்த்தது.